கம்பி வழி வந்த தோடி

விலை உயர்ந்த இசைக் கருவி ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "விடுதி ராஜ்மாவைப் பற்றி எழுதவே ஆளைக் காணோம், இவனுக்கு ஏன் இந்த ஆடம்பரம்?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். கருவி என்னுடையதன்று, என் மாமாவுடையது. என்னுடையதெல்லாம் அதற்குச் செய்த ஊழியந்தான்.

மாமா என் தாயாரின் அண்ணன். 1984-இல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து, தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு இரயில் ஏறியவர், ஏறியவர் ஏறியவரே. ஓய்வு பெற்று இப்போது மயூர் விகாரில் இருக்கிறார். அத்தை கையால் வத்தக்குழம்பு உண்ணும் பொருட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அங்கே போவது வழக்கம். ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் பெரும்பகுதியை மகள் திருமணத்துக்கும், சிறு பகுதியை ஓர் இசைக் கருவிக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் மாமா செலவிட்டார். சிறு பகுதி என்பது மாமாவின் கணக்கு. அத்தையின் கணக்கு வேறு.

மாமாவின் தகப்பனார், அதாவது என் தாத்தா, நாகசுரக்காரர். மூன்று தலைமுறையாக ஊர்க் கோயிலில் வாசித்த குடும்பம். மாமாவோடு அந்த வாசிப்பு நின்றது. வாசிப்பு நின்றதே தவிரக் கேள்வி நிற்கவில்லை. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் மாமா உணவை மறந்துவிடுவார். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். மாமா பிறந்ததே அதற்குப் பின்புதான். ஆகவே அந்தத் தோடியை அவர் கேட்டதெல்லாம் தட்டிலும் நாடாவிலும் பிறகு குறுந்தகட்டிலுந்தான்.

புதிய கருவியை முதன்முதலாகப் பார்த்தபோது, அதன் வாய் எங்கே என்று தேடினேன். தட்டு வைக்க இடமில்லை. காசெட்டுச் செருக இடமில்லை. வழவழப்பான அலுமினியப் பெட்டி. முதுகுப் புறத்தில் வலைக் கம்பி செருகச் சிறு துளை. அவ்வளவே. இவ்வகைக் கருவிகள் நேற்று முளைத்தவையல்ல. 2001-இல் அமெரிக்காவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம், கணினியிலுள்ள பாட்டை வீட்டு வலை வழியாக வாங்கிப் பாடும் பெட்டி ஒன்றை விற்கத் தொடங்கியது. இசைத்தட்டுச் சுழலிக்குப் பெயர் போன ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம், 2007-இல் அதே கருத்தைச் செல்வர் வீட்டுக் கூடத்துக்கு உரியதாக்கியது. 2009-ஆம் ஆண்டோடு குறுந்தகட்டுக் கருவி செய்வதையே அது விட்டுவிட்டது.

ஏற்பாடு எப்படி என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான்களையெல்லாம் பூட்டி வைத்த உக்கிராண அறை ஒன்று இருக்கும். சமையற்காரர் ஒருவர் இருப்பார். "இப்போது பாயசம் வரட்டும்" என்று திண்ணையிலிருந்து உத்தரவிடும் பெரியவர் ஒருவர் இருப்பார். மாமா வீட்டில் உக்கிராண அறை, உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினியும் அதனோடு சேர்ந்த ஹார்டு டிஸ்க்கும். அலுமினியப் பெட்டி சமையற்காரர். மாமாவின் கைபேசி உத்தரவிடும் பெரியவர். கைபேசியில் பாட்டின் பெயரைத் தொட்டால், பாட்டுக் கைபேசி வழியாக வருவதில்லை. உக்கிராணத்திலிருந்து நேரே அடுக்களைக்குப் போகிறது. பாயசம் பெரியவர் மடியில் ஏறி இறங்க வேண்டியதில்லை அல்லவா? இது புரியாமல், கைபேசியில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும் என்று மாமா ஒரு மாதம் அஞ்சிக் கொண்டிருந்தார்.

மாதச் சந்தா கட்டி இணையத்திலிருந்தே எல்லாப் பாட்டையும் கேட்கலாமே, உக்கிராணம் எதற்கு என்று சிலர் கேட்பர். சந்தாவும் நல்லதுதான், நானும் கட்டுகிறேன். ஆனால் அங்கே உள்ளது நம்முடையதன்று. இன்று இருப்பது நாளை அங்கே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மேலே சொன்ன ஸ்லிம் டிவைசஸை 2006-இல் லாஜிடெக் வாங்கியது. 2012-இல் அந்த வரிசைப் பெட்டிகளைச் செய்வதை நிறுத்தியது. 2024-இல் அவற்றுக்காக நடத்திய இணையச் சேவையையும் மூடியது. ஆயினும் தம் வீட்டிலேயே பாட்டைச் சேர்த்து வைத்திருந்தவர்களுடைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. சேமிப்புக் கணினியில் ஓடும் மென்பொருள் யாரும் பார்க்கத்தக்க திறந்த மூலமாக இருந்தமையால், ஆர்வலர்கள் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் மேலாக, எந்தச் சந்தாக் கடையிலும் கிடைக்காத சரக்கு ஒன்று எங்கள் குடும்பத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கருவி விற்பவர் ஒருவர் மாமாவைப் பிடித்துக் கொண்டார். "இவ்வளவு உயர்ந்த கருவிக்கு இருநூறு ரூபாய்க் கம்பியா? பட்டுப் புடைவைக்குச் சணல் முடிச்சா?" என்ற பொருள்பட இந்தியில் ஏதோ சொல்லி, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வலைக் கம்பி ஒன்றை ஒரு வாரம் வைத்துப் பார்க்கும்படி கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக் கம்பி; தங்க முலாம்; பின்னல் உறை. விலை ரூபாய் 38,000. நான் போன ஞாயிறு, மாமா அதை மாட்டிக் கேட்டுக் கொண்டிருந்தார். "மாப்ளே, கேட்டாயா? பிள்ளைவாள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது!" என்றார். மூச்சு வாங்குவது பழைய கம்பியிலும் கேட்டது என்று நான் சொல்லவில்லை. அத்தை முகத்தைப் பார்த்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார்கள்.

பௌதிகம் படிப்பவன் என்ற பெயர் எனக்கு இருப்பதால், வழக்கு என்னிடம் வந்தது.

குறுந்தகட்டு முறையில், ஒலியின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கம் கொண்ட இரும எண்ணாக எழுதுகிறார்கள். இளஞ்செவிக்குக் கேட்பது நொடிக்கு 20,000 அதிர்வு வரையில். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால் ஒன்றும் தப்பாது என்பது நைக்விஸ்ட் 1928-இல் வித்திட்டு, ஷானன் 1949-இல் நிறுவிக் காட்டியது. இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 இலக்கங்கள் ஆகும். இது பெரிய சுமை போலத் தோன்றும். மாமா வீட்டு இருநூறு ரூபாய்க் கம்பியோ நொடிக்குப் பத்துக் கோடி இலக்கங்களைச் சலிப்பின்றிச் சுமக்கும். ஏறத்தாழ எழுபது மடங்கு. அந்த இலக்கங்கள் சிறு சிறு பொட்டலங்களாகப் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் ஓர் இலக்கம் புரண்டாலும் கணக்கு உதைக்கும். பொட்டலம் குப்பைக்குப் போகும். "அது வந்து சேரவில்லை, மீண்டும் அனுப்பு" என்று அலுமினியப் பெட்டி கேட்டு வாங்கும். பழைய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையை நினைவூட்டும் ஏற்பாடு இது. ஆகவே கம்பி கெட்டால் பாட்டு விக்கும்; நின்றே போகும். மூச்சு மட்டும் மங்கிக் கேட்பது என்பது நடவாது.

மாமா சும்மா இருப்பவர் அல்லர். அவரும் பொறியியல் தெரிந்தவர். "எண் சரியாக வரலாம், காலம் தவறினால்?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. தில்லியில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் சிறிது நேரம் சீறியும் சிணுங்கியும் வருகிறது. மொட்டைமாடித் தொட்டி அதை வாங்கிக் கொள்கிறது. அடுக்களைக் குழாயில் அது ஒரே சீராக விழுகிறது. கருவிக்குள்ளும் அப்படி ஒரு தொட்டி உண்டு. வரும் எண்களை அதில் நிரப்பி, தன் சொந்தப் படிகக் கடிகாரத்தின் தாளத்துக்கு எடுத்து வாசிக்கிறது. தாளம் போடுவது கருவியே, கம்பியன்று. மாமா கொடுத்த பணமெல்லாம் அந்தக் கடிகாரத்துக்கும் அதன் பின்னால் எண்ணை ஒலியாக்கும் பகுதிக்குந்தான். அது வீண் போகவில்லை என்றேன். சிறிது மகிழ்ந்தார்.

கோப்பு ஒன்றை இரு கம்பிகள் வழியாகவும் அனுப்பி, இரு முனைகளிலும் அதன் கைரேகை போன்ற 32 எழுத்துத் தொடரைக் கணக்கிட்டுக் காட்டினேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. "எண்ணோடு மின் இரைச்சலும் ஒட்டிக்கொண்டு வரலாமே!" என்றார். இது வெறும் பிடிவாதமன்று. கம்பியில் இரைச்சல் ஏறுவது உண்மை. அதைத் தடுக்கத்தான் துளைக்குள் சிறு மின்மாற்றிகளை வைக்கிறார்கள். இனி வாதத்தால் பயனில்லை, செவியே தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருவரும் உடன்பட்டோம்.

அத்தை நாணயம் சுண்டினார்கள். தலை விழுந்தால் தங்கக் கம்பி. பூ விழுந்தால் பழைய கம்பி. நான் மறைவில் இருந்து மாட்டுவேன். மாமாவுக்கு நான் தெரியக் கூடாது. நான் பேசவும் கூடாது. கருவி மீண்டும் வலையைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரமாகும். பின்பு அதே தோடியின் அதே இரண்டு நிமிடங்கள். பன்னிரண்டு முறை. பத்து முறையாவது மாமா சரியாகச் சொன்னால் கம்பியை வாங்கிவிடுவது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்தோம். வெறுமனே குத்துமதிப்பாகச் சொல்பவர் நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்தப் பேறு வாய்க்கும். பன்னிரண்டாம் முறை முடிய இரண்டரை மணியாயிற்று, வத்தக்குழம்பு ஆறிவிட்டது. மாமா சரியாகச் சொன்னது ஏழு.

"அப்படியானால் ஒரு வாரமாக நான் கேட்டது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். விலை தெரிந்த பண்டத்தை நாக்கும் செவியும் வேறு விதமாகத்தான் வரவேற்கின்றன. அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. குறுந்தகட்டினும் நுட்பமான பதிவுகளை நேராக ஒரு முறையும், குறுந்தகட்டு அளவுக்கு இறக்கி ஒரு முறையும் தேர்ந்த செவியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 554 சோதனைகளில் சரியான விடை 276. நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவே கிடைத்திருக்கும். இதைச் சொன்னதும் மாமா சற்று ஆறுதல் அடைந்தார். கம்பி திரும்பிப் போயிற்று.

அன்று மாலை, பேருந்துக்குப் புறப்படும்போது கேட்டேன்: "மாமா, ஊரில் பரண்மேல் பிஸ்கட்டுத் தகரத்தில் இருக்கிற காசெட்டுகளை எடுத்து வரட்டுமா?"

அம்மா சொல்லி எனக்குத் தெரியும். 1986-இல் மாமா விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தில்லிச் சம்பளத்தில் வாங்கிய டூ-இன்-ஒன்னைக் கையோடு எடுத்துப் போய், பங்குனி உத்திரத்துக்குத் தாத்தா வாசித்ததைப் பதிவு செய்தார். பின்பும் சில முறை செய்தார். மொத்தம் பதினொரு காசெட்டுகள். தாத்தா 1994-இல் காலமானார். அவர் வாசிப்பு எந்தத் தட்டிலும் இல்லை. எந்த வானொலி நிலையமும் அவரை அழைத்ததில்லை. அந்தப் பதினொன்றே மிச்சம். மாமா அவற்றைத் தில்லிக்குக் கொண்டுவரவுமில்லை, கேட்கவுமில்லை. "அதெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கும்" என்பார். அன்றும் அதையே சொன்னார். சற்றுப் பொறுத்து, "கொண்டு வாயேன்" என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும்போது, தகரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் என் தலைமாட்டில் வந்தது. இரண்டில் பூஞ்சை உண்மைதான். மூன்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. நாடாவைப் புதுக் கூட்டுக்கு மாற்றினேன். லஜபதிராய் மார்க்கெட்டில் முதிய சர்தார்ஜி ஒருவர், பழைய டெக் ஒன்றுக்குப் புது ரப்பர் வார் போட்டுக் கொடுத்தார். அவர் கற்றுத் தந்த வித்தை ஒன்று, நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்காதது. பதிவு செய்த கருவியின் காந்தத் தலை நாடாவின்மேல் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் வாசிக்கும் தலையும் இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் மேல் ஒலிகள் மாய்ந்துவிடும். சிறு திருப்புளியால் திருகாணியை மெல்லத் திருப்பிக்கொண்டே, ஜாலராவின் ஓசை எப்போது பளிச்சென்று கேட்கிறதோ அப்போது நிறுத்து என்றார். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கம்பி செய்யாததை அந்தத் திருகாணி அரை நிமிடத்தில் செய்தது. டெக், எண்ணாக்கும் சிறு பெட்டி, சர்தார்ஜி கூலி எல்லாம் சேர்ந்தும் பதினையாயிரத்தை எட்டவில்லை.

24 இலக்கத்தில், நொடிக்கு 96,000 முறை அளந்து பதிவு செய்தேன். காசெட்டுக்கு இவ்வளவு நுட்பம் அதிகம் என்பது எனக்கும் தெரியும். தவிலின் ஓர் அடி எதிர்பாராமல் எழும்பி உச்சி முறியக்கூடும். 24 இலக்கம் இருந்தால் தாழ்ந்த அளவில் வைத்து அஞ்சாமல் பதிவு செய்யலாம். தொண்ணூறு நிமிடக் காசெட்டு மூன்று ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் ஆயிற்று. எம்.பி.3 முறை செவிக்குத் தெரியாது என்று தான் கருதுவதை எறிந்துவிட்டுச் சுருக்கும். ஃபிளாக் என்ற முறை ஒன்றையும் எறியாமல் மடித்து வைக்கும். நான் ஃபிளாக்கைக் கொண்டேன். விந்தை என்னவென்றால், இசை நன்றாக மடிகிறது. நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் மடிய மறுக்கிறது. ஒழுங்கற்றதைச் சுருக்க வழியில்லை. கோப்பில் பாதி இடத்தைப் பிடித்திருப்பது இரைச்சல்தான் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி முதல் ஞாயிறன்று முதற் காசெட்டைக் கருவியில் ஏற்றினோம். மென்பொருள் இணையத்தில் தேடிப் பார்த்து, இன்னார் என்று அறிய முடியாமல், பெட்டியின் சிறு திரையில் 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்று எழுதிக் காட்டியது. பெயர் தெரியாத கலைஞர்! மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அதைப் படித்தார்.

பின்பு ஒலி வந்தது. முதலில் ஜெனரேட்டர், ஒரு குழந்தையின் அழுகை, "ஓடுதா பாரு" என்று ஓர் இளைஞர் குரல். அத்தை சிரித்துவிட்டார்கள்; அது இருபத்து நான்கு வயது மாமா. அடுத்து மல்லாரி எழுந்தது. அந்த டூ-இன்-ஒன் தானே அளவைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளும் இனம். தவிலின் பேரடி விழும்போதெல்லாம் நாகசுரம் அமுங்கிப் பின் எழும்பும். எழும்பும்போது இரைச்சலும் கூடவே எழும்பும். இதை எந்தக் கருவியாலும் திருத்த இயலாது. நல்ல கருவி இதை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். தோடி தொடங்கியபின் மாமா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "பஞ்சமத்தைத் தொடாமல் எவ்வளவு நேரம் சுற்றுகிறார், பார்" என்று மட்டும் ஒரு முறை சொன்னார். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கதவைத் தட்டி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுப் போனார்.

பெயரிடும் வேலை பெரிது என்பது அப்புறந்தான் தெரிந்தது. மென்பொருளுக்குத் தெரிந்தவை கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்றே. இராகம், தாளம், பக்கம் வாசித்தவர் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் நாமே அமைக்க வேண்டும். 'தோடி' என்று போட்டால், இந்துஸ்தானித் தோடிகளோடு சேர்த்து அடுக்கிவிடுகிறது. அவர்கள் தோடி நம் சுபபந்துவராளிக்கு நிகர். நம் தோடியின் சுரங்கள் அவர்கள் பைரவியில் இருக்கின்றன. வடநாட்டில் வாழும் தமிழ்ப் பாட்டுகளுக்கும் நம்மைப் போலவே அடையாளத் தொல்லை உண்டு போலும். இறுதியில் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினோம், கருவி மறுக்கவில்லை.

தாத்தாவின் பெயரை மாமாவே இட்டார். உடன் வாசித்தவர் தாத்தாவின் தம்பி. தவில் யார் என்பது மாமாவுக்கு நினைவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. கோயிலில் பூக்கட்டும் முதியவர் ஒருவர் ஊரில் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர், ஒரு காது மந்தம். கைபேசியில் அவரை அழைத்து, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்து மல்லாரியைப் போட்டோம். கைபேசி ஒலியின் மேற்பகுதியை அறுத்து எறிந்துவிடும், மிஞ்சியதையும் நசுக்கும். முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பெயர் வந்தது. இன்னார் மகன், இன்ன தெரு, இடக்கைக்காரர் என்ற விவரங்களும் வந்தன.

மாமா அந்தப் பெயரை இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். பதிவின் பிரதி ஒன்று இப்போது ஊரில் அம்மாவிடமும், ஒன்று விடுதியில் என் கணினியிலும் இருக்கின்றன. இன்னும் ஏழு காசெட்டுகள் ஏற்ற வேண்டும். அவற்றுள் இரண்டு, பூஞ்சை பிடித்தவை.